டாக்டர் சொன்னா செய்யணும்... தப்பா சொன்னா? நர்சிங் மாணவர்களுக்குத் தலைமைப் பண்பு எங்கே கற்றுத் தரப்படுகிறது?

அமெரிக்காவில் ஒரு மருத்துவமனை. மாலை ஷிஃப்ட். வார்டில் ஒரே ஒரு நர்ஸ்தான் டியூட்டியில் இருக்கிறார். போன் அடிக்கிறது. எதிர்முனையில் இதுவரை கேட்டிராத ஒரு குரல். தன்னை டாக்டர் என்று சொல்லிக்கொள்ளும் அந்தக் குரல், ஒரு நோயாளியின் பெயரைச் சொல்லி, அவருக்கு 'ஆஸ்ட்ரோடென்' என்ற மருந்தை 20 மில்லிகிராம் கொடுக்கச் சொல்கிறது. பத்து நிமிடத்தில் நேரில் வந்து கையெழுத்துப் போட்டுவிடுவாராம்.

நர்ஸ் மருந்து டப்பாவை எடுக்கிறார். ஒரு நாளைக்கு அதிகபட்சம் 10 மில்லிகிராம் என்று லேபிளிலேயே அச்சாகியிருக்கிறது. போனில் மருந்து உத்தரவு வாங்கக் கூடாது என்பது மருத்துவமனை விதி. மருத்துவமனையின் மருந்துப் பட்டியலில் ஆஸ்ட்ரோடென் இல்லை. பேசியவர் யார் என்றும் தெரியாது.

அப்படியும் நர்ஸ் மருந்தை எடுத்துக்கொண்டு நோயாளியின் படுக்கையை நோக்கி நடந்தார். ஒருவர் இல்லை, 22 பேரில் 21 பேர்.

சார்லஸ் ஹாஃப்லிங் என்ற மனநல மருத்துவர் குழுவாக நடத்தி, 1966-ல் வெளியிட்ட ஆய்வு இது. டப்பாவில் இருந்தது வெறும் குளுக்கோஸ். மறைந்து நின்ற ஆய்வாளர் கடைசி நொடியில் தடுத்து நிறுத்தினார், யாருக்கும் ஆபத்து இல்லை. உளவியல் படித்தவர்களுக்கு இந்தக் கதை பழக்கமானதுதான். ஆனால் இதே ஆய்வின் இன்னொரு பாதியை அதிகம் பேர் பேசுவதில்லை. இதே சூழலைக் காகிதத்தில் எழுதி, "நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று 21 நர்சிங் மாணவிகளிடம் தனியாகக் கேட்டார்கள். 21 பேருமே கொடுக்க மாட்டோம் என்றார்கள்.

மாணவியாக இருந்தபோது நூற்றுக்கு நூறு தெளிவு. வேலைக்குப் போன பிறகு 22-ல் ஒருவர் மட்டும். நடுவில் என்ன நடந்தது?

நர்சிங் கல்வியில் 'தலைமைப் பண்பு' என்று எதைப் பேசினாலும் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தலைமை என்றால் சூப்பரின்டெண்டென்ட் நாற்காலியா?

'தலைமைப் பண்பு' என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது பதவி. ஸ்டாஃப் நர்ஸ், வார்டு இன்சார்ஜ், அப்புறம் நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் என்று படிப்படியாக ஏறி, தலை நரைக்கும்போது கிடைக்கிற ஒன்று. அதனால் 19 வயது மாணவிக்கு அதை ஏன் இப்போதே சொல்லித் தர வேண்டும் என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது.

கல்லூரிகளிலும் கிட்டத்தட்ட இதே பார்வைதான். தலைமைப் பண்பு வளர்ப்பு என்றால் ஒரு நாள் 'பர்சனாலிட்டி டெவலப்மென்ட்' வகுப்பு, வெளியிலிருந்து ஒரு ட்ரெயினர், பலூன் உடைக்கும் விளையாட்டு, மாலையில் சர்டிஃபிகேட். இல்லையென்றால் மே 12 செவிலியர் தினத்துக்குப் பேச்சுப் போட்டி. தப்பில்லை. ஆனால் மேடையில் மைக் பிடித்து நன்றாகப் பேசும் மாணவி, நள்ளிரவில் சீனியர் டாக்டரிடம் "சார், இந்த டோஸ் சரியா இருக்கா?" என்று கேட்பார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. இரண்டும் வேறு வேறு திறமைகள்.

வார்டில் தலைமை என்பது ரொம்பச் சின்னச் சின்ன விஷயங்களில் இருக்கிறது. பத்து நோயாளிகள் இருக்கும்போது யாரை முதலில் போய்ப் பார்ப்பது? எந்த வேலையை ஜூனியரிடம் கொடுக்கலாம், எதைக் கொடுக்கவே கூடாது? ஷிஃப்ட் மாறும்போது எதை மறக்காமல் சொல்ல வேண்டும்? கத்திக்கொண்டிருக்கும் உறவினரிடம் யார் பேசுவது? எப்போது போனை எடுத்து டாக்டரை எழுப்ப வேண்டும், அவர் வர மறுத்தால் அடுத்து யாரைக் கூப்பிட வேண்டும்? இவற்றில் ஒன்றுக்குக்கூட பதவி தேவையில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எல்லாமே தேவைப்படும்.

ஐடி கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். சீனியர் எழுதிய கோடில் பெரிய ஓட்டை இருப்பது சேர்ந்து மூன்று மாதமான ஜூனியரின் கண்ணில் படுகிறது. மீட்டிங்கில் பத்துப் பேர் இருக்கிறார்கள். வாயைத் திறப்பதா, வேண்டாமா? அங்கே தப்பு நடந்தால் சர்வர் படுக்கும். இங்கே ஏற்கெனவே படுத்திருப்பவர் எழுந்திருக்க மாட்டார்.

நர்ஸுக்குத் தெரிந்திருந்தது

2005 மார்ச் 29. இங்கிலாந்தில் எலைன் ப்ராமிலி என்ற பெண், சைனஸ் பிரச்சினைக்காகச் சாதாரண அறுவை சிகிச்சைக்குப் போகிறார். மயக்க மருந்து கொடுத்ததும் சுவாசப் பாதை அடைபடுகிறது. குழாய் செருக முடியவில்லை, வேறு வழியில் காற்றை உள்ளே செலுத்தவும் முடியவில்லை. அறையில் இருந்தவர்கள் அனுபவம் மிக்க மருத்துவர்கள். திரும்பத் திரும்பக் குழாய் செருகவே முயன்றார்கள். நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

அறையில் இருந்த நர்ஸ்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது. தொண்டையில் துளையிட்டுச் சுவாசப் பாதை அமைக்கும் கருவிகளை ஒருவர் தயார் செய்து கொண்டுவந்து, அவை இருக்கின்றன என்று சொன்னார். இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போன் செய்து படுக்கை கேட்டார். மருத்துவர்களிடமிருந்து அதற்குப் பதிலே இல்லை. தான் தேவையில்லாமல் பதறுகிறோமோ என்று நினைத்த அந்த நர்ஸ், கேட்ட படுக்கையை ரத்து செய்துவிட்டார். 13 நாட்களுக்குப் பிறகு எலைன் இறந்துபோனார்.

அவருடைய கணவர் மார்ட்டின் ப்ராமிலி ஒரு விமானி. இந்தக் கதையில் முக்கியமான திருப்பம் இதுதான். ஏனென்றால் 'தெரிந்தும் சொல்லாமல் இருப்பது' எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை விமானத் துறை முன்பே ரத்தம் சிந்திக் கற்றிருந்தது. 1977-ல் டெனெரிஃபே தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். எதிரே இருந்த விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்ற சந்தேகத்தை ஃப்ளைட் இன்ஜினீயர் எழுப்பினார். கேப்டன் அதைத் தள்ளிவிட்டார். இன்ஜினீயர் மறுபடி அழுத்திச் சொல்லவில்லை. அந்த விபத்துக்குப் பிறகுதான் ஜூனியர்கள் எப்படி எச்சரிக்க வேண்டும், கேப்டன்கள் எப்படிக் காது கொடுக்க வேண்டும் என்பதை விமானிகளுக்குத் தனிப் பயிற்சியாகவே கொடுக்க ஆரம்பித்தார்கள்.

தன் மனைவியின் மரணத்தில் யாரையும் தண்டிக்க வேண்டும் என்று மார்ட்டின் கேட்கவில்லை. என்ன நடந்தது என்று விசாரித்துச் சொல்லுங்கள் என்றார். 2007-ல் மருத்துவத் துறையில் மனிதத் தவறுகளை ஆராய ஓர் அமைப்பையே தொடங்கினார். அந்த அறையில் அறிவுக்குப் பஞ்சமில்லை. அந்த அறிவை வாய் வழியாக வெளியே கொண்டுவரும் வழிதான் இல்லை.

பாடத்திட்டத்தில் இருக்கிறதே?

இருக்கிறது. இந்திய நர்சிங் கவுன்சிலின் திருத்தப்பட்ட பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டம் 2021-ல் அரசிதழில் வெளியானது. நான்கு ஆண்டு, எட்டு செமஸ்டர். அதில் ஆறாவது செமஸ்டரில் 'நர்சிங் மேலாண்மையும் தலைமைத்துவமும்' என்று ஒரு தனிப் பாடமே வைத்திருக்கிறார்கள். 60 மணி நேரம் வகுப்பு, 80 மணி நேரம் களப் பயிற்சி. பழைய பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டால் இது நல்ல மாற்றம்தான், மறுக்க முடியாது.

ஆனால் ஒரு சின்னக் கணக்கு. 80 மணி நேரத்தை 8 மணி நேர ஷிஃப்டாகப் பிரித்தால் 10 நாள். நான்கு வருடப் படிப்பில் தலைமையைக் கையால் தொட்டுப் பார்க்க 10 நாள். அதுவும் மூன்றாம் ஆண்டின் இறுதியில். அந்தப் பத்து நாளிலும் பல இடங்களில் நடப்பது டியூட்டி ரோஸ்டர் மாதிரி ஒன்று போட்டுக் காட்டுவது, வார்டுக்கு வேண்டிய பொருட்களுக்கு இன்டென்ட் எழுதுவது, ரெக்கார்டு நோட்டில் அதை அழகாக ஒட்டி கையெழுத்து வாங்குவது. மேலாண்மைக் கோட்பாடுகளின் பெயர்கள் தேர்வுக்கு மனப்பாடம்.

மேலாண்மையும் தலைமையும் ஒரே பாடத்தின் தலைப்பில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. எழுதித் திருத்தி மார்க் போட வசதியானது மேலாண்மை. அதனால் அதுதான் நடத்தப்படுகிறது.

வார்டு சொல்லித் தரும் வேறொரு பாடம்

அந்தப் பாடம் வருவதற்குள் மாணவிகள் ஐந்து செமஸ்டர் வார்டில் நின்றிருப்பார்கள். அங்கே யாரும் எழுதி வைக்காத ஒரு பாடத்திட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது.

சீனியர் வந்தால் எழுந்து நில். ரவுண்ட்ஸில் டாக்டர்கள் முன்னால், பி.ஜி.க்கள் அடுத்து, ஸ்டாஃப் அதற்கும் பின்னால், மாணவி கடைசி வரிசையில். கேள்வி கேட்டால் "மேடம் கிளாஸ்ல சொல்லலையா?" என்று திருப்பிக் கேள்வி. தப்பு செய்துவிட்டால் நோயாளிகள் முன்னாலேயே திட்டு. நோயாளியின் நாடித் துடிப்பில் ஏதோ வித்தியாசம் என்று சொல்ல வரும் மாணவியிடம், "நீ முதல்ல பெட் மேக்கிங்கை முடி" என்று பதில்.

எல்லா இடத்திலும் இப்படி இல்லை. நல்ல இன்சார்ஜ் சிஸ்டர் ஒருவரிடம் வேலை கற்றவர்கள் அவரை ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள். ஆனாலும் நர்சிங் படித்த எவரிடம் கேட்டாலும், மேலே உள்ள வரிகளில் பாதியாவது தன் கல்லூரி நாட்களில் நடந்தது என்பார்கள். இத்தனைக்கும் இந்தப் படிப்புக்கு வருபவர்களில் பலர் சிறு ஊர்களிலிருந்து வரும் பெண்கள், வீட்டின் முதல் பட்டதாரிகள். "பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே" என்ற பாடத்தை வீடு ஏற்கெனவே முடித்துத்தான் அனுப்பியிருக்கிறது. கல்லூரியும் ஹாஸ்டலும் வார்டும் அதே பாடத்தை ரிவிஷன் நடத்துகின்றன.

ஒழுங்கு வேண்டாமா என்று கேட்கலாம். நிச்சயம் வேண்டும். அவசர சிகிச்சையில் ஒருவர் சொல்ல மற்றவர்கள் செய்தால்தான் உயிர் பிழைக்கும். ஆனால் ஒழுங்கு வேறு, பயம் வேறு. ஒழுங்காக இருக்கும் நர்ஸ் சரியான உத்தரவை உடனே செய்வார், தவறான உத்தரவை உடனே நிறுத்துவார். பயந்த நர்ஸ் இரண்டையுமே செய்துவிடுவார். நாற்பது வயதில் பதவி கொடுத்து, இனிமேல் தைரியமாகப் பேசுங்கள் என்றால் வராது.

இதில் ஒரு முரண். நர்சிங்கின் முகமாக எல்லோரும் கும்பிடும் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலை நாம் 'விளக்கேந்திய பெருமாட்டி' என்று கருணையின் உருவமாக மட்டும் நிறுத்திவிட்டோம். விளக்கேற்றும் விழாவில் மெழுகுவத்தி பிடித்து உறுதிமொழி எடுக்கிறோம். நிஜத்தில் அவர் கிரிமியப் போரில் வீரர்கள் காயத்தால் செத்ததைவிட, தடுத்திருக்கக்கூடிய நோய்களால் செத்ததுதான் அதிகம் என்று புள்ளிவிவர வரைபடம் போட்டு, அரசாங்கத்தின் முகத்துக்கு நேராக நீட்டியவர். பணிந்து போகிறவர் செய்கிற வேலையா அது?

ராத்திரி 2 மணி போன் கால்

சரி, பேசக் கற்றுத் தருவது எப்படி? "தைரியமா இருங்க" என்று சொன்னால் தைரியம் வந்துவிடாது. நல்ல செய்தி என்னவென்றால், இதற்கு உறுதியான வடிவங்கள் இருக்கின்றன. பயிற்சியால் வரக்கூடியவை.

ஒரு கற்பனைக் காட்சி. வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்த முதல் நாள் இரவு. 12-ம் பெட் நோயாளியின் நிலைமை நர்ஸுக்குச் சரியாகப் படவில்லை. டியூட்டி டாக்டருக்குப் போன் போடுகிறார்.

"சார், 12-ம் பெட் பேஷன்ட் ஒரு மாதிரியா இருக்கார் சார். கொஞ்சம் வந்து பார்க்கிறீங்களா?"

"ஒரு மாதிரின்னா? வலியா இருக்கும். காலைல ரவுண்ட்ஸ்ல பார்த்துக்கலாம்."

"சரி சார்."

அதே நர்ஸ், அதே நோயாளி. இந்த முறை வேறு மாதிரி:

"சார், நான் சர்ஜரி வார்டு ஸ்டாஃப் பேசுறேன். 12-ம் பெட் பேஷன்ட்டுக்கு பி.பி. 90/60-க்கு இறங்கியிருக்கு, பல்ஸ் 124. நேத்து மதியம் குடல் ஆபரேஷன் ஆனவர், 54 வயசு. ராத்திரி 10 மணிக்கு பி.பி. 130/80 இருந்தது. ரெண்டு மணி நேரமா யூரின் 15 எம்.எல்.தான் வந்திருக்கு, ட்ரெய்ன்ல ரத்தம் 300 எம்.எல். இருக்கு. உள்ள ப்ளீடிங் ஆகுதோன்னு நினைக்கிறேன். நீங்க இப்பவே வந்து பார்க்கணும் சார். வர்றதுக்குள்ள ரத்தம் க்ராஸ் மேட்ச்சுக்கு அனுப்பட்டுமா? ஃப்ளூயிட் வேகம் எவ்வளவு வைக்கட்டும்?"

இந்த போனை எடுத்தவர் திரும்பப் படுக்க முடியாது.

இரண்டாவது பேச்சுக்குள் நான்கு படிகள் இருக்கின்றன. இப்போது என்ன நிலைமை, பின்னணி என்ன, என் கணிப்பு என்ன, என்ன வேண்டும் என்று கேட்கிறேன். ஆங்கிலத்தில் இதன் முதல் எழுத்துகளைச் சேர்த்து 'எஸ்பார்' என்பார்கள். அமெரிக்கக் கடற்படையின் அணு நீர்மூழ்கிக் கப்பல்களில் தகவல் சொல்லப் பயன்பட்ட முறை. கைசர் பெர்மனென்டே என்ற மருத்துவக் குழுமம் அதை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தது. இன்று உலகம் முழுக்கப் பழக்கத்தில் இருக்கிறது, நம்மூர் பெரிய தனியார் மருத்துவமனைகள் சிலவற்றிலும்.

நான்கில் கடினமானது மூன்றாவது. 'என் கணிப்பு.' பி.பி.யையும் பல்ஸையும் சொல்லிவிடலாம். "ப்ளீடிங் ஆகுதோன்னு நினைக்கிறேன்" என்று சொல்ல, நினைக்கும் உரிமை தனக்கு இருக்கிறது என்ற நம்பிக்கை முதலில் வேண்டும். தலைமைப் பயிற்சி என்பதன் மையமே இந்த ஒரு வாக்கியம்தான் என்று சொன்னால் மிகையில்லை.

இன்னொரு முறை, டாக்டர் கேட்காதபோது என்ன செய்வது என்பதற்கானது. அமெரிக்காவின் 'டீம் ஸ்டெப்ஸ்' பயிற்சியில் சொல்லித் தருவார்கள். முதலில் "எனக்குக் கவலையா இருக்கு". அடுத்து "இது எனக்குச் சரியாப் படலை". கடைசியாக "இது பேஷன்ட்டோட பாதுகாப்புப் பிரச்சினை". மூன்றாவது வாக்கியம் வந்துவிட்டால் யாராக இருந்தாலும் கையை நிறுத்தியாக வேண்டும் என்பது அங்கே ஒப்பந்தம். கூடவே இரண்டு முறை விதி. ஒரு முறை சொல்லிக் கேட்கவில்லை என்றால் இன்னொரு முறை சொல்லியே ஆக வேண்டும். அதற்கும் பலன் இல்லாவிட்டால் அடுத்த மேலதிகாரியிடம் போக வேண்டும். ப்ராமிலி அறையில் இருந்த நர்ஸுக்கு இப்படியொரு விதி கையில் இருந்திருந்தால், படுக்கையை ரத்து செய்வதற்குப் பதில் இரண்டாவது முறை வாயைத் திறக்க ஒரு காரணமாவது இருந்திருக்கும்.

இதையெல்லாம் பவர்பாயின்ட்டில் காட்டினால் ஒரு பயனும் இல்லை. நடித்துப் பழக வேண்டும். ஸ்கில் லேபில் பொம்மை நோயாளி, போனில் சிடுசிடுக்கும் டாக்டராக ஓர் ஆசிரியை, பதறாமல் பேச வேண்டிய மாணவி. இரண்டாம் ஆண்டிலிருந்தே மாதம் ஒருமுறை. பெரிய செலவு இல்லை. ஊசி போடுவதை ஆரஞ்சுப் பழத்தில் பழகிப் பார்க்கிற மாதிரிதான் இதுவும்.

முதல் நாளே தலைவி

'தலைமையெல்லாம் பத்து வருஷ அனுபவத்துக்கு அப்புறம்' என்ற வாதம் தமிழ்நாட்டில் இன்னொரு காரணத்தாலும் செல்லாது. துணை சுகாதார நிலையங்களில் இப்போது 'இடைநிலை சுகாதாரப் பணியாளர்கள்' இருக்கிறார்கள். நர்சிங் முடித்த இளைஞர்கள். அந்த நிலையத்தில் தினமும் உட்கார்ந்திருக்க டாக்டர் கிடையாது. சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு தொடர் சிகிச்சை, பரிசோதனை, யாரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும் என்ற முடிவு எல்லாம் அங்கேயே எடுத்தாக வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தன்னார்வலர்களோடும் கிராம சுகாதாரச் செவிலியரோடும் சேர்ந்து வேலை பார்க்க வேண்டும். அந்தச் செவிலியருக்கு இவரைவிட இரு மடங்கு வயது இருக்கலாம். ஊரில் எல்லோருக்கும் அவரைத்தான் தெரியும்.

22, 23 வயதில் ஒருவர் அந்த நாற்காலியில் உட்காரும்போது, வயதில் மூத்தவரிடம் மரியாதை குறையாமல் வேலை வாங்குவது எப்படி, பஞ்சாயத்துத் தலைவரிடம் தண்ணீர்த் தொட்டியைக் கழுவச் சொல்வது எப்படி என்று ரெக்கார்டு நோட்டு சொல்லித் தந்திருக்காது.

வெளிநாடு போகிறவர்களுக்கும் இதே பிரச்சினை வேறு வடிவில் வருகிறது. அமெரிக்காவில் நர்ஸாக வேலை பார்க்க எழுத வேண்டிய 'என்கிளெக்ஸ்' தேர்வில், 2023 திட்டப்படி 15 முதல் 21 சதவீதக் கேள்விகள் 'பராமரிப்பு மேலாண்மை' என்ற பகுதியிலிருந்து. யாரை முதலில் பார்ப்பீர்கள், எந்த வேலையை யாரிடம் ஒப்படைப்பீர்கள், நோயாளிக்காக எப்போது குரல் கொடுப்பீர்கள் மாதிரியான கேள்விகள். கல்லூரியில் பத்து நாள் பார்த்த விஷயத்துக்கு, கோச்சிங் சென்டரில் தனியாகப் பணம் கட்டிப் படிக்கிறார்கள் நம் பிள்ளைகள்.

பேசினால் கேட்பது யார்?

மாணவியை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைப்பது இந்த விவாதத்தில் எல்லோரும் செய்யும் தப்பு. ஹாஃப்லிங் ஆய்வுக்குப் பதினோரு ஆண்டுகள் கழித்து, 1977-ல், ரேங்க், ஜேக்கப்சன் என்ற இருவர் அதையே கொஞ்சம் மாற்றிச் செய்து பார்த்தார்கள். இந்த முறை மருந்து நர்ஸ்களுக்கு நன்கு தெரிந்த வேலியம். சக நர்ஸ்களிடம் கலந்து பேசவும் வாய்ப்பு இருந்தது. பெரும்பாலானவர்கள் அளவுக்கு மீறிய அந்த டோஸைக் கொடுக்கவில்லை. தனியாக, தெரியாத மருந்தோடு, கேட்க ஆளில்லாமல் நின்றபோது பணிந்துபோன அதே தொழிலைச் சேர்ந்தவர்கள்தான் இவர்களும். சூழல் மாறியது, முடிவும் மாறியது.

நம் வார்டுகளின் சூழல் எப்படி? கற்பிக்கும் மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு நர்ஸ் என்பது நர்சிங் கவுன்சில் வகுத்த அளவுகோல். இரவு டியூட்டியில் எந்த அரசு மருத்துவமனை வார்டிலாவது தங்கியிருந்தவர்கள், அங்கே எத்தனை பேருக்கு ஒரு சிஸ்டர் இருந்தார் என்று யோசித்துப் பார்க்கலாம். முப்பது நோயாளிகளுக்கு மருந்து கொடுத்து ஓய்ந்துபோன சிஸ்டரிடம் போய், மாணவிக்கும் தலைமை சொல்லிக் கொடுங்கள் என்றால் அவர் என்ன செய்வார்?

இன்னொரு பக்கம் ஆசிரியர்கள். பல கல்லூரிகளில் பாடம் நடத்துபவர் வேறு, வார்டு நடத்துபவர் வேறு. வார்டில் ஒரு முடிவு எடுத்துப் பல வருடம் ஆனவர், முடிவெடுப்பதைப் பற்றி வகுப்பெடுக்கிறார். 1909-ல் நர்சிங் பள்ளியும் 1946-ல் நர்சிங் கல்லூரியும் கண்ட வேலூர் சி.எம்.சி.யில், கல்லூரி ஆசிரியர்களே வார்டுப் பொறுப்பையும் சேர்த்துப் பார்க்கும் முறை நெடுங்காலமாக இருக்கிறது. தான் பாடத்தில் சொன்னதை ஆசிரியை வார்டில் செய்வதை மாணவி நேரில் பார்க்கிறார். மற்ற கல்லூரிகள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

டாக்டர்களுக்கும் இதில் பாதிப் பாடம் இருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே செவிலியர் கல்லூரியும் இருக்கிறது. மற்ற பல மருத்துவக் கல்லூரி வளாகங்களிலும் நர்சிங் பள்ளியோ கல்லூரியோ உண்டு. எம்.பி.பி.எஸ். மாணவரும் நர்சிங் மாணவியும் ஒரே கேன்டீனில் டீ குடிக்கிறார்கள், ஒரே வகுப்பில் உட்காருவதில்லை. மாரடைப்பு வந்த பொம்மை நோயாளியை இரண்டு பேரும் சேர்ந்து காப்பாற்றும் ஒரு பயிற்சியை இறுதியாண்டில் கட்டாயமாக்கினால், நாளைக்கு ராத்திரி 2 மணிக்குப் போன் வரும்போது எதிர்முனையில் இருப்பது முகம் தெரியாத 'வார்டு ஸ்டாஃப்' ஆக இருக்காது.

அப்புறம் வேலைப் பாதுகாப்பு. இதைப் பேசாமல் தலைமையைப் பேசுவது பாசாங்கு. சின்னத் தனியார் மருத்துவமனைகளில் பாண்டு எழுதி வாங்குவது, ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வது பற்றிய புகார்கள் பழையவை. 2016-ல் உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு மத்திய அரசு அமைத்த குழு, தனியார் மருத்துவமனை நர்ஸுக்குக் குறைந்தபட்சம் 20,000 ரூபாயாவது சம்பளம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசுத் துறையில் ஒப்பந்த நர்ஸ்கள் நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு உட்கார்ந்தது பலருக்கு நினைவிருக்கும். அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று தெரியாதவரிடம், சீனியரின் தவறைச் சுட்டிக்காட்டுங்கள் என்று சொல்வது சுலபம். செய்வது அவர் வீட்டு வாடகையைப் பணயம் வைத்து.

உலக சுகாதார நிறுவனம் 2025-ல் வெளியிட்ட உலக நர்சிங் நிலை அறிக்கையின்படி, 82 சதவீத நாடுகளில் நர்சிங் துறையைப் பார்த்துக்கொள்ள அரசில் உயர் அதிகாரி ஒருவர் இருக்கிறார். நர்ஸ்களுக்கான தலைமைப் பயிற்சித் திட்டங்கள் இருப்பது 66 சதவீத நாடுகளில். குறைந்த வருமான நாடுகளில் அது வெறும் 25 சதவீதம். நாற்காலி போடுவதில் உலகம் காட்டிய வேகத்தை, அதில் உட்காரப்போகிறவர்களைத் தயார் செய்வதில் காட்டவில்லை.

எங்கே தொடங்கலாம்?

புதுப் பாடம் எதுவும் தேவையில்லை. பி.எஸ்சி. நர்சிங்கின் எட்டாவது செமஸ்டர் முழுக்க 22 வாரம் மருத்துவமனையில் இன்டர்ன்ஷிப். இப்போது பல இடங்களில் அது ஆள் பற்றாக்குறையை அடைக்கும் இலவச வேலையாட்கள் பட்டியலாக மாறிவிடுகிறது. அதே 22 வாரத்தில் கடைசி நான்கு வாரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு மாணவிக்கும் நான்கு அல்லது ஐந்து படுக்கைகள், முழுப் பொறுப்பு. ஹேண்ட்ஓவர் வாங்குவதும் கொடுப்பதும் அவர். டாக்டருக்குப் போன் போடுவது அவர். ரவுண்ட்ஸில் அந்தப் படுக்கைகளுக்கு வரும்போது முன்வரிசையில் நின்று பேசுவது அவர். இன்சார்ஜ் சிஸ்டர் ஓர் அடி பின்னால், தேவைப்பட்டால் மட்டும். ஷிஃப்ட் முடிந்ததும் பத்து நிமிடம் உட்கார்ந்து, "இன்னைக்கு எங்கே வாயைத் திறந்திருக்கணும், ஏன் திறக்கலை?" என்று திட்டாமல் ஒரு பேச்சு.

அந்தப் பத்து நிமிடத்துக்கு மார்க் கிடையாது. ஆனால் இன்சார்ஜ் சிஸ்டரின் வேலை நேரத்தில் அதற்கு இடம் ஒதுக்கி, டியூட்டி லிஸ்ட்டில் எழுதியே போட வேண்டும். அதற்குக் கல்லூரி முதல்வரும் மருத்துவமனைக் கண்காணிப்பாளரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டால் போதும். இந்த ஆண்டு எட்டாவது செமஸ்டருக்குப் போகிற பேட்ச்சிலேயே ஆரம்பிக்கலாம்.